வீட்டுக்குள் நடக்கும் கொடுமை: நெல்லைப் பக்கத்துப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. பட்டா, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு என்று வருகிறவர்களில் சில பெண்கள், எழுதி முடித்துக் காசு கொடுத்த பிறகுதான் "இன்னொண்ணு கேக்கணும்க்கா" என்பார்கள். அந்த இன்னொன்று பெரும்பாலும் வீட்டு விஷயமாகத்தான் இருக்கும். கேள்விகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அதனால் அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டு, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். ஊரும் பேரும் கிடையாது. நான் வக்கீல் இல்லை. வக்கீலிடமும் சமூக நல அலுவலகத்திலும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இதெல்லாம்.

இப்போதே அடி விழுகிறது, உயிருக்குப் பயமாக இருக்கிறது என்றால் படிப்பதை நிறுத்திவிட்டு 112-க்கு அடியுங்கள். யோசனை கேட்க வேண்டுமென்றால் 181. அது பெண்களுக்கான எண். காசு கிடையாது, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். உங்கள் போனை வீட்டில் வேறு யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்றால், பேசி முடித்ததும் அந்த எண்ணையும், படித்து முடித்ததும் இந்தப் பக்கத்தையும் அழித்துவிடுங்கள்.

எல்லா வீட்லயும் சண்டை உண்டுதானே? எது சண்டை, எது கொடுமை?

சண்டையில் இரண்டு பேருக்கும் வாய் இருக்கும். அவர் கத்துவார், நீங்களும் கத்துவீர்கள், மறுநாள் காலையில் காபி போட்டுக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். கொடுமையில் ஒரே ஆள்தான் பயப்படுவார். வாசலில் பைக் சத்தம் கேட்டதும் டிவியை அணைத்து, பிள்ளைகளை "சத்தம் போடாதீங்க" என்று அடக்கி, வருகிறவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் சோறு போடுகிறீர்களா? அது சண்டைக்காரக் குடும்பம் இல்லை.

நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். அம்மாவுக்குப் போன் போட, பத்து ரூபாய் செலவழிக்க, தலைவலி என்று சற்றுப் படுக்க நீங்கள் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறதா? கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறதா? ஆமாம் என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

அவுக கைய நீட்டினதே இல்ல. வாய்தான். அதுவும் கணக்குல வருமா?

வரும். 2005-இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் (2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது) நான்கு வகையைச் சொல்கிறது. உடம்பில் விழுகிற அடி, பாலியல் கொடுமை, வார்த்தையாலும் மனதாலும் செய்கிற கொடுமை, பணத்தை வைத்துச் செய்கிற கொடுமை. பிள்ளை இல்லை என்று குத்திக் காட்டுவது, பொம்பளைப் பிள்ளையாகப் பெற்றாய் என்று ஏசுவது, நாலு பேர் முன்னால் கேவலப்படுத்துவது, உங்களுக்கு வேண்டியவர்களை ஏதாவது செய்துவிடுவேன் என்று திரும்பத் திரும்ப மிரட்டுவது எல்லாம் மூன்றாவது வகை.

"செத்துப் போயிருவேன், உன் பேரை எழுதி வச்சிட்டுச் சாவேன்" என்று மிரட்டிக் காரியம் சாதிக்கிற ஆட்களும் உண்டு. அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டு வருகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் மிரட்டல் என்றுதான் பெயர்.

குடிச்சாத்தான் அடிக்காக. குடிக்காதப்போ தங்கமானவுக. குடிய நிறுத்தினா சரியாயிரும்லா?

குடித்துவிட்டு வருகிறவர் கடைக்காரனை அடிப்பதில்லை, பஸ் கண்டக்டரை அடிப்பதில்லை, தெருமுனையில் நிற்கிற போலீஸ்காரருக்குச் சலாம் போட்டுவிட்டு வருகிறார். வீட்டுக்குள் வந்த பிறகுதான் கை நீளுகிறது. யாரை அடித்தால் கேட்க ஆள் இல்லை என்பது அந்தப் போதையிலும் தெரிகிறது. குடியை விட வைப்பது நல்லதுதான், அதற்கு வைத்தியம் இருக்கிறது. ஆனால் குடியை விட்ட பிறகும் அடியை விடாதவர்கள் இருக்கிறார்கள். அதனால் "குடி நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று உங்கள் பாதுகாப்பைத் தள்ளிப்போட வேண்டாம். சட்டத்திலும் குடித்திருந்தார் என்பதற்காகச் சலுகை கிடையாது.

நான் பீடி சுத்துற காசு அப்படியே அவுக கைக்குப் போயிருது. ஆயிரம் ரூவா வர்ற கார்டும் அவுககிட்டதான். இதைப் போயி யாருட்ட சொல்ல?

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று எந்தப் பக்கத்துப் பெண் வந்தாலும் வருகிற கேள்வி இது. ஒரு பெண் வந்திருந்தார். விரல் நுனியெல்லாம் தூள் கறை. வாரக்கூலி பேங்கில் விழுகிற அன்றைக்குக் கணவர் ஏ.டி.எம். வாசலில் நிற்பாராம். இவர் கையில் பஸ்ஸுக்குக்கூடக் காசு இருக்காது. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால்தான் கொக்கிரகுளம் வரை வர முடிந்தது என்றார். அந்த இலவசப் பயணத்தால் எத்தனையோ நன்மை சொல்வார்கள், இதையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

நீங்கள் சம்பாதித்ததைப் பிடுங்குவது, உரிமைத் தொகை கார்டை வைத்துக்கொள்வது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் பட்டினி போடுவது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது எல்லாம் மேலே சொன்ன நான்காவது வகை. உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாஸ்புக், ஆதாரோடு பேங்குக்கு நேரில் போய்ப் பழைய கார்டை நிறுத்திப் புதுக் கார்டு கேளுங்கள். கணக்கில் அவர் போன் எண் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு தகவலும் அவருக்குத்தான் போகும். ஆனால் கார்டை நிறுத்தினால் அன்று இரவே அடி விழும் என்று தோன்றினால் முதலில் 181-இல் பேசிவிட்டு அப்புறம் செய்யுங்கள்.

அவுக ஒண்ணும் செய்யல. அத்தையும் மதினியும்தான் படுத்துதாக. பொம்பளைங்க மேல மனு போட முடியுமா?

முடியும். முதலில் சட்டத்தில் "வயதுவந்த ஆண்" என்று ஒரு வார்த்தை இருந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. மாமியார், நாத்தனார் யார் மீதும் மனு கொடுக்கலாம். அதே சட்டத்தில் மனைவி மட்டுமில்லை, ஒரே வீட்டில் இருக்கிற தாய், மகள், சகோதரி, விதவை மருமகள், கல்யாணம் செய்யாமல் கணவன் மனைவி போல வாழ்கிறவர் என்று எல்லாருக்கும் இடம் உண்டு. ஒன்றுமே செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்கிற கணவரைப் பற்றியும் மனுவில் எழுதுங்கள். அவர் வாயைத் திறந்திருந்தால் பாதி நடந்திருக்காது.

சரி, முதல்ல எங்க போகணும்? ஸ்டேஷனா, கோர்ட்டா, கலெக்டர் ஆபீஸா?

எந்த வாசலிலும் நுழையலாம். ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் நான் முதலில் அனுப்புவது மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கு. இந்தச் சட்டத்துக்கென்றே அங்கே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். நடந்ததைக் கேட்டு, அதற்கென்று உள்ள படிவத்தில் அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது, ஆஸ்பத்திரிக்கும் தங்கும் இடத்துக்கும் வழி செய்வது, இலவச வக்கீலுக்குச் சேர்த்துவிடுவது எல்லாம் அவர் வேலை. பீஸ் கிடையாது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கூட்டத்தோடு வரிசையில் நின்று மனு கொடுக்கலாம்தான். ஆனால் தெரிந்த முகம் எதிரே வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் வேறு வேலை நாளில் நேரே அந்த அலுவலகத்துக்கே போய்விடலாம்.

அடிபட்டு, போக இடம் இல்லாமல் வருகிறவர்களுக்குச் சகி என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. வைத்தியம், போலீஸ், வக்கீல், ஆலோசனை, சில நாள் தங்கல் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் பார்ப்பார்கள். 181-க்குப் போன் போட்டு எந்த ஊர் என்று சொன்னால் உங்கள் மாவட்டத்து மையத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

ஒரு சின்ன விஷயம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது. சங்கரன்கோவில், கடையநல்லூர், ஆலங்குளம், சிவகிரிக்காரர்கள் பழைய பழக்கத்தில் இன்னும் இங்கே வந்து அலைகிறார்கள். உங்களுக்குத் தென்காசி அலுவலகம்தான் பக்கம்.

ஸ்டேஷனுக்குப் போனேன். "குடும்பம்னா அப்படித்தான், சமாதானமாப் போங்க"ன்னு அனுப்பிட்டாக. இனிமே என்ன செய்ய?

வாயால் சொல்லிவிட்டு வந்தால் அப்படித்தான் அனுப்புவார்கள். எழுத்தில் கொடுங்கள், இரண்டு காப்பியாக. கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். எப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். "இது எங்க லிமிட் இல்லை" என்பது இன்னொரு பதில். பாளையங்கோட்டை, மேலப்பாளையம் எல்லாம் மாநகர கமிஷனர் கீழே, நாங்குநேரி, அம்பாசமுத்திரம் எல்லாம் மாவட்ட எஸ்.பி. கீழே என்று இங்கே இரண்டு போலீஸ் இருப்பதால் இந்தப் பதில் கொஞ்சம் அதிகமாகவே வரும். எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும் அவர்கள் வாங்கிப் பதிந்து உரிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது இப்போதைய சட்டம்.

அப்படியும் வாங்கவில்லை என்றால் அதே மனுவைக் கமிஷனர் அல்லது எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தத் தபால் ரசீதும் ஓர் ஆதாரம். அதற்கிடையில் பாதுகாப்பு அலுவலர் வழியாகக் கோர்ட்டுக்குப் போவதற்கு ஸ்டேஷன் தயவு தேவையே இல்லை. நல்ல அதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன், ராத்திரி பதினோரு மணிக்கு ஜீப் அனுப்பியவர்கள் உண்டு. ஆனால் யார் டூட்டியில் இருப்பார் என்று நம்பி உங்கள் உயிரை வைக்க முடியாது. கையில் காகிதம் வேண்டும்.

மனு போட்டா அவுகளை ஜெயில்ல போட்டுருவாகளா? தாலிய அத்துக்கிட்டு வந்துட்டான்னு ஊரு பேசுமே.

பாதிப் பேர் இந்தப் பயத்தில்தான் வாசல்வரை வந்து திரும்புகிறார்கள். இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் போடுகிற மனு உங்களுக்குப் பாதுகாப்பு கேட்கிற மனு. அடிக்காதே, வேலை பார்க்கிற இடத்துக்கு வராதே, வீட்டை விட்டு இறக்காதே, மாதாமாதம் இவ்வளவு கொடு என்று உத்தரவு வரும். அதற்காக விவாகரத்து கேட்க வேண்டியதில்லை, பிரிந்து போக வேண்டியதும் இல்லை. அதே வீட்டில் இருந்துகொண்டே வாங்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இன்னொரு வழி போலீஸ் கேஸ். பழைய 498ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆவது பிரிவு. மூன்றாண்டு வரை சிறை உண்டு. அதிலும் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இலேயே சொல்லியிருக்கிறது. முதல் வழி மட்டும் போதுமா, இரண்டும் வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அடி பலமாக இருந்தால் இரண்டும் வேண்டும் என்பது என் எண்ணம். ஊர் பேசுவதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஊர் எப்படியும் பேசும்.

வக்கீலுக்குக் குடுக்க எங்க போவேன்?

எங்கும் போக வேண்டாம். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா கோர்ட்டுகளில் அதன் குழு இருக்கும். போன் 15100. வக்கீல் சரியாகப் பேசவில்லை, தேதிக்கு வரவில்லை என்றால் அங்கேயே சொல்லி மாற்றிக் கேட்கலாம். இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம்.

வீடு மாமனார் பேர்ல இருக்கு. "என் வீடு, வெளிய போ"ங்காக. போயித்தான் ஆகணுமா?

போக வேண்டியதில்லை. நீங்கள் மருமகளாக வந்து குடியிருந்த வீடு என்றால், பத்திரத்தில் உங்கள் பெயரோ கணவர் பெயரோ இல்லாவிட்டாலும் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம். மாமனார் பெயரில் இருக்கிற வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சொத்தில் பங்கு கேட்பது வேறு, குடியிருப்பது வேறு. பூட்டிப்போட்டு வெளியே நிறுத்திவிட்டால் திறந்துவிடச் சொல்லியோ, வேறு வீடு பார்த்து வாடகை கொடுக்கச் சொல்லியோ உத்தரவு கேட்கலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் ஒன்று. வீட்டில் இருக்க உரிமை இருக்கிறது என்பதற்காக ஆபத்தான வீட்டில் உட்கார்ந்துகொண்டு இருக்காதீர்கள். வெளியே வந்தாலும் அந்த உரிமை போய்விடாது.

ஆஸ்பத்திரில "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்"னு சொல்லிட்டேன். இனி ஆதாரம்னு என்ன காட்ட?

பக்கத்தில் கணவரே நிற்கும்போது வேறு என்ன சொல்வீர்கள்? காயம் எங்கே, எவ்வளவு என்று டாக்டர் எழுதியது ஏட்டில் இருக்கும். அது பிற்பாடு உதவும். வழுக்கி விழுந்தால் முதுகில் பெல்ட் தடம் எப்படி வரும் என்று கோர்ட்டில் கேட்பார்கள். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதையும் மனுவில் எழுதிவிடலாம். அடுத்த முறை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியோ உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியோ, டாக்டரிடம் "தனியாப் பேசணும்" என்று கேளுங்கள். யார் அடித்தது, எதால் அடித்தது என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறும். ஏ.ஆர். காப்பி என்று நாம் சொல்வது அதைத்தான்.

மற்றபடி, காயத்தின் போட்டோ (முகமும் தெரிகிற மாதிரி ஒன்று, கிட்டத்தில் ஒன்று), வாட்ஸ்அப்பில் வந்த வசவு, குரல் பதிவு, உடைத்த பொருள், அழுகைச் சத்தம் கேட்ட பக்கத்து வீட்டார், பிள்ளையின் டீச்சர் எல்லாம் ஆதாரம்தான். கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிந்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் அதைப் பார்க்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லாவற்றையும் உங்கள் போனில் மட்டும் வைக்காதீர்கள், முதலில் உடைபடுவது அந்தப் போன்தான். தங்கைக்கோ நம்பிக்கையான ஒருவருக்கோ அனுப்பிவிட்டு உங்கள் பக்கம் அழித்துவிடுங்கள். ஆதாரமே இல்லை என்றாலும் மனு கொடுக்கலாம். நாலு சுவருக்குள் நடப்பதற்குச் சாட்சி குறைவு என்பது கோர்ட்டுக்கும் தெரியும். உங்கள் வாக்குமூலமும் சாட்சிதான்.

கோவத்துல கழுத்தைப் பிடிச்சு நெரிச்சாக. உடனே விட்டுட்டாக. காயம் ஒண்ணும் இல்ல.

இதை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளியே தடம் இல்லாமலே உள்ளே அடிபட்டிருக்கலாம். குரல் கம்முவது, விழுங்க முடியாமல் இருப்பது, தலை சுற்றல், கண்ணில் ரத்தச் சிவப்பு எதுவாக இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் "கழுத்தை நெரித்தார்" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். கழுத்தில் கை வைத்தவர் அடுத்த முறை உயிரை எடுக்கும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். மண்ணெண்ணெய், பெட்ரோலைக் காட்டி மிரட்டுவதையும், அரிவாளை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவதையும் இதே கணக்கில் வையுங்கள்.

கிளம்பணும்னு முடிவு பண்ணிட்டேன். என்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?

கிளம்புகிற அன்றும் அதற்கடுத்த சில நாளும்தான் ஆபத்து அதிகம். அதனால் "நான் போகப் போறேன்" என்று சண்டையில் சொல்லிவிடாதீர்கள். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பாருங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் பத்திரிகை, போட்டோ, நகைச்சீட்டு, மாத்திரை, இரண்டு செட் துணி. அசலை எடுக்க முடியாவிட்டால் முன்னாலேயே ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து அனுப்பி வைத்துவிடலாம். துணிமூட்டையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சேர்த்து வைத்த பெண் ஒருவர், கிளம்பிய அன்று கையில் கத்திரிக்காய்ப் பையோடுதான் தெருவைத் தாண்டினார்.

போனில் இருப்பிடம் காட்டுகிற வசதியை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் வேறு கருவியில் இணைந்திருக்கிறதா, உங்கள் கூகுள் கணக்கு அவர் போனில் ஓடுகிறதா என்று தெரிந்த பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைய விட்டுட்டுப் போங்காக. பிள்ளை இல்லாம நான் எப்படிப் போக?

விட்டுவிட்டுப் போகச் சட்டம் சொல்லவில்லை. அதே மனுவிலேயே பிள்ளைகளைத் தற்காலிகமாக உங்களிடம் வைக்க உத்தரவு கேட்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகத் தாயிடம்தான் விடுவார்கள். மேலே சொன்ன சகி மையத்துக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். பையன் பெரியவன் என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிள்ளைக்கே அடி விழுகிறது என்றால் 1098.

நகையெல்லாம் அவுக அடகு வச்சிட்டாக. கேட்டா "எல்லாம் குடும்பத்துக்குத்தான்"ங்காக.

கல்யாணத்தில் உங்களுக்குப் போட்ட நகையும் சீரும் உங்கள் சொத்து. 1985-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது. கணவர் வைத்துக்கொண்டால் நம்பி ஒப்படைத்ததைத் திருப்பித் தராத குற்றம். குடும்ப வன்முறை மனுவிலேயே திரும்பத் தரச் சொல்லிக் கேட்கலாம். எத்தனை பவுன், என்னென்ன உருப்படி, யார் போட்டது என்று பட்டியல் எழுதுங்கள். அந்த நகையைக் கழுத்தில் போட்டிருக்கிற போட்டோ உள்ள கல்யாண ஆல்பமே பாதி ஆதாரம்.

எங்க அத்தான் சவுதியில இருக்காக. போன்லயே மிரட்டுதாக, பணமும் அனுப்புறது இல்ல. ஆளே இல்லாம யார் மேல மனு போட?

அவர் எங்கே இருந்தாலும் நீங்கள் இருக்கிற ஊர் கோர்ட்டில் போடலாம். வீடியோ காலில் வீடு முழுக்கச் சுற்றிக் காட்டச் சொல்வது, பத்து நிமிடம் எடுக்காவிட்டால் அசிங்கமாகப் பேசுவது, பாஸ்போர்ட்டை மாமியாரிடம் கொடுத்து வைத்திருப்பது எல்லாம் கொடுமைதான், ஆள் பக்கத்தில் இல்லை என்பதால் குறைந்துவிடாது. ஜீவனாம்ச வழக்கில் இரண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் கம்பெனி பெயர், பழைய சம்பளச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

மகளை மும்பையிலோ சென்னையிலோ கட்டிக் கொடுத்தவர்களுக்கும் இதே பதில். அவள் தாய்வீட்டுக்கு வந்திருந்தால் இங்கேயே மனு கொடுக்கலாம். போலீஸ் கேஸுக்கும் அப்படியே என்று 2019-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. தாராவிக்கும் திருநெல்வேலிக்கும் ரயிலில் அலைய வேண்டாம்.

கல்யாணம் ஆகி ஏழு வருஷம் தாண்டிருச்சு. இனிமே வரதட்சணைக் கேஸ் செல்லாதாமே?

இதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, ஊர் முழுக்க நம்புகிறார்கள். ஏழு வருஷக் கணக்கு பெண் இறந்துபோனால்தான். அதற்குள் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை வரும், வரதட்சணைச் சாவு என்ற பிரிவு வரும். உயிரோடு இருக்கிற பெண் கொடுமையைப் பற்றிப் புகார் கொடுக்க ஏழு வருஷ எல்லை கிடையாது. குடும்ப வன்முறை மனுவை ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும் என்று சொல்வதும் சரியில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. போலீஸ் கேஸை மட்டும் நடந்த பிறகு ரொம்ப நாள் ஆறப்போடாமல் கொடுத்துவிடுவது நல்லது.

ஊர்ப் பெரியவங்க பேசிப் பத்திரத்துல எழுதி முடிச்சிட்டாக. அப்புறமும் மனு போட்டா தப்பாயிருமா?

நாட்டாண்மை, ஜமாத், சேகர ஐயர் (சி.எஸ்.ஐ. சபைப் போதகர்), பங்குச் சாமியார் என்று யார் பேசினாலும், அதனால் அடி நின்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அங்கே பேசுவது பெரும்பாலும் ஆண்கள், நீங்கள் தூண் ஓரம் நிற்பீர்கள். எழுதுவதும் "இனிமேல் ஒற்றுமையாக வாழ்வோம்" என்றுதான், "அடிக்க மாட்டேன்" என்று இருக்காது. அந்தப் பத்திரம் உங்களைக் கோர்ட்டுக்குப் போகவிடாமல் தடுக்காது. அடித்ததை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் அது உங்களுக்குத்தான் ஆதாரம், நகல் வாங்கி வையுங்கள்.

பிரிந்துவிட்டோம் என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வது இன்னொரு வழக்கம். அபூர்வமான குலவழக்கத்தைத் தவிர இந்து, கிறிஸ்தவக் கல்யாணத்தைக் கோர்ட்தான் முறிக்க முடியும். ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்வதும் 2019 சட்டப்படி செல்லாது, குற்றமும் கூட.

எப்படிக் கேக்கன்னு தெரியல... ராத்திரில வேண்டாம்னாலும் விடமாட்டாக.

கேட்டது நல்லது. மனைவியின் சம்மதம் இல்லாமல் கணவர் உறவு கொள்வதைப் பாலியல் வன்கொடுமைக் குற்றமாக நம் தண்டனைச் சட்டம் இன்னும் சேர்க்கவில்லை. ஆனால் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமை தெளிவாக இருக்கிறது. இரண்டாவது பதிலில் சொன்ன நான்கில் ஒன்று. பாதுகாப்பு அலுவலர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் பெண் அதிகாரியிடம்தான் பேசுவேன் என்று நீங்கள் கேட்கலாம். மனுவை நான்கு பேர் நிற்கிற இடத்தில் எழுதவும் வேண்டாம். "தனியாகச் சொல்கிறேன்" என்று ஒரு வரி மட்டும் போட்டுவிட்டு உள்ளே போய்ச் சொல்லுங்கள்.

என்னைய இல்ல, எங்க அம்மையைத் தம்பி அடிக்கான். வீட்டை எழுதி வாங்கிட்டு இப்ப சோறும் போடல.

அம்மாவும் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வருவார். அதோடு 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறது, ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கியிருந்தால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். போன் 14567. அப்பாவுக்கு அடி விழுந்தாலும் இந்த 2007 சட்டம் உண்டு. கணவர்களுக்கு 2005 சட்டம் இல்லை. அடிபட்ட ஆண் சாதாரணமாக அடிதடிப் புகார்தான் கொடுக்க வேண்டும். வெட்கப்பட்டு வராமல் இருக்கிறவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள்.

பக்கத்து வீட்ல தினமும் சத்தம் கேக்கு. நம்ம போயிச் சொன்னா நம்ம தலையில விழுமா?

விழாது. யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம், நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்கு வராது என்று சட்டமே சொல்கிறது. சத்தம் கேட்கிற நேரத்தில் கதவைத் தட்டி "சீனி இருக்கா" என்று கேட்டால்கூட அன்றைய அடி நிற்கும். அந்தப் பெண் தனியாக இருக்கும்போது, "ஏன் இன்னும் இருக்கே" என்று கேட்காமல், "எப்ப வேணும்னாலும் எங்க வீட்டுக் கதவைத் தட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

மனு குடுத்துட்டு வாபஸ் வாங்கிட்டேன். அவுக கூடத் திரும்பிப் போனேன். இப்ப மறுபடியும் அடிக்காக. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர?

அதே மூஞ்சியோடு வாருங்கள். பிள்ளைக்காக, அம்மா சொன்னதற்காக, அவர் காலில் விழுந்து அழுததற்காகத் திரும்பிப் போகிறவர்கள் நிறையப் பேர். யாராவது முகம் சுளித்தால் அது அவர்கள் குணம். வாபஸ் வாங்கிய பிறகு புதிதாக நடந்ததற்குப் புது மனு போடலாம், பழைய மனு அவர் இதற்கு முன்னும் அடித்தவர் என்பதற்குச் சாட்சியாக நிற்கும். ராத்திரியில் செத்துப்போகலாம் போலத் தோன்றினால் 14416 அல்லது 104-இல் பேச ஆள் இருக்கிறார்கள். வரும்போது பழைய சி.எஸ்.ஆர். ரசீது, பாதுகாப்பு அலுவலர் கொடுத்த எண் எதுவாவது இருந்தால் எடுத்து வாருங்கள். தொலைந்திருந்தால் எந்த மாசம், எந்த ஸ்டேஷன் என்று சொன்னால் போதும், பதிவேட்டில் தேடி எடுத்துவிடலாம்.